சீக்கிரம் சாகும் பவர் வால்வுகள்

கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் பவர் வால்வு தேய்ந்து தீரும் பொருள். அதன் நடுவில் நிற்கும் கேத்தோடு என்னும் நிக்கல் குழலின் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகள் பூசப்பட்டிருக்கும். குழலுக்குள் இருக்கும் ஹீட்டர் இழை அந்தப் பூச்சைத் தணலாகச் சூடாக்கும்போது எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. வெற்றிடத்தைக் கடந்து, பல நூறு வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இருக்கும் பிளேட்டில் போய் மோதுகின்றன. நாளாக ஆகப் பூச்சின் வலு குறையும். எலக்ட்ரான் வரத்தும் குறையும். எந்த வால்வுக்கும் இந்த முடிவு உண்டு. அது உரிய காலத்தில் வருகிறதா, முன்கூட்டியே வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. முன்கூட்டியே வந்தால் பெரும்பாலும் கோளாறு வால்வில் இருக்காது. அதைச் சுற்றியுள்ள மின்சுற்றிலோ, ஆம்புக்கு வரும் மின்சாரத்திலோ, அது இருக்கும் இடத்தின் காற்றிலோ இருக்கும். சிங்கப்பூரில் இந்த மூன்றையும் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது.

மணிக்கணக்கு

வால்வின் ஆயுளை மாதக்கணக்கில் சொல்வது வழக்கம். ஆனால் அளக்க வேண்டியது ஓடிய மணி நேரத்தை. வாடகைக்கு விடப்படும் ஜாமிங் ஸ்டூடியோவில் ஒரு ஆம்ப் நாளுக்கு 8 மணி நேரம், மாதத்தில் 25 நாள் ஓடினால், பத்தே மாதத்தில் 2,000 மணி நேரம் ஆகிவிடும். அங்கே பத்து மாதத்துக்கு ஒருமுறை வால்வு மாற்றுவது கோளாறல்ல, செலவுக் கணக்கில் எழுத வேண்டிய ஒன்று. வீட்டில் வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டும் வாசிப்பவருக்கு அதே பத்து மாதத்தில் 130 மணி நேரம்தான் சேரும். அதற்குள் வால்வு தீர்ந்தால் கட்டாயம் காரணம் தேட வேண்டும். இ.எல்.34, 6எல்6 போன்ற வால்வுகள் அளவாக ஓட்டப்பட்டால் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம்.

வால்வு எப்படிச் செத்தது என்பதும் துப்புக் கொடுக்கும். மெதுவாகத் தேய்ந்த வால்வில் ஒலி மங்கும், அடிநாதம் தளரும், முன்பிருந்த சத்தம் கிடைக்காது. திடீரென்று செத்த வால்வில் பிளேட் செக்கச்செவேலென்று எரிந்திருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், சில சமயம் கண்ணாடி விரிந்திருக்கும். முதல் வகை, நீண்ட நாள் சற்றே கூடுதலாகச் சூடேறி வந்ததைக் காட்டுகிறது. இரண்டாம் வகை, மின்சுற்றில் ஏதோ ஒன்று கைவிட்டதைக் காட்டுகிறது.

பிளேட்டின் வெப்பம்

எலக்ட்ரான்கள் பிளேட்டில் மோதும்போது அவற்றின் ஆற்றல் வெப்பமாகிறது. பிளேட்டின் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் அந்த வெப்பம் வாட்டில் கிடைத்துவிடும். ஒவ்வொரு வகை வால்வுக்கும் தயாரிப்பாளர் ஓர் எல்லை வைத்திருக்கிறார்: இ.எல்.84க்கு 12 வாட், இ.எல்.34க்கு 25 வாட், 6எல்6ஜி.சி.க்கு 30 வாட். எல்லையைத் தாண்டும்போது உலோகம் சிவக்கும். உலோகத்துக்குள் அடைபட்டிருந்த வாயு வெளியேறி வெற்றிடத்தைக் கெடுக்கும். கேத்தோடு பூச்சு நஞ்சேறியதுபோல் செயலிழக்கும்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது கேத்தோடைச் சுற்றியிருக்கும் கிரிட் என்னும் கம்பிச் சுருள். தண்ணீர்க் குழாயின் திருகைப் போன்றது அது. கேத்தோடைவிட எவ்வளவு எதிர்மின்னழுத்தத்தில் கிரிட் இருக்கிறதோ, அந்த அளவுக்கு ஓட்டம் அடங்கும். வாசிக்காமல் சும்மா இருக்கும்போது கிரிட்டில் நிற்கும் இந்த எதிர்மின்னழுத்தத்தைப் பயாஸ் என்பார்கள். அதை அமைக்க இரண்டு வழிகள் உண்டு. நிலைப் பயாஸில், தனியாக உண்டாக்கிய எதிர்மின்னழுத்தம் கிரிட்டுக்கு வரும். கேத்தோடு பயாஸில், கேத்தோடுக்கும் பூமிக்கும் இடையில் வைத்த மின்தடை வழியே ஓடும் மின்னோட்டமே கேத்தோடைச் சில வோல்ட் உயர்த்தும். பூஜ்ஜியத்தில் நிற்கும் கிரிட் அந்த அளவுக்கு எதிர்மின்னழுத்தம் பெற்றதாகிவிடும்.

இரண்டு இ.எல்.34 வால்வுகள் கொண்ட 50 வாட் ஆம்பை எடுத்துக்கொண்டால், பிளேட்டில் 460 வோல்ட் இருக்கலாம். கேத்தோடுக்கும் பூமிக்கும் இடையில் 1 ஓம் மின்தடை வைத்து மல்டிமீட்டரால் அளக்கும்போது 38 மில்லிவோல்ட் காட்டினால், மின்னோட்டம் 38 மில்லிஆம்பியர். பெருக்கினால் ஏறக்குறைய 17.5 வாட், அதாவது எல்லையில் 70 சதவீதம். நிலைப் பயாஸ் ஆம்புகளுக்குத் தொழில்நுட்பர்கள் வைத்திருக்கும் மேல்வரம்பும் இதுதான். கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் நிற்கும் ஸ்கிரீன் கிரிட் என்னும் இன்னொரு கம்பிச் சுருள் இழுக்கும் சில மில்லிஆம்பியரும் இந்த அளவீட்டில் சேர்ந்திருப்பதால் பிளேட்டின் உண்மையான வெப்பம் இதைவிடச் சற்றுக் குறைவு.

பிறவியிலேயே வால்வு தின்னும் ஆம்ப்

எந்தக் கோளாறும் இல்லாமல் வால்வுகளைச் சீக்கிரம் தீர்க்கும் ஆம்புகளும் உண்டு. வாக்ஸ் ஏ.சி.30 அவற்றில் பேர்பெற்றது. இங்கிலாந்தின் டார்ட்ஃபர்டில் தாமஸ் ஜென்னிங்ஸின் நிறுவனத்துக்காக டிக் டென்னி வடிவமைத்த வரிசையில் வந்தது. ஷாடோஸ் குழுவின் ஒலியோடு அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் குழு பாடகர் கிளிஃப் ரிச்சர்டோடு 1961இல் சிங்கப்பூருக்கு வந்து ஹேப்பி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் வாசித்தது. அடுத்த சில ஆண்டுகளில் தீவெங்கும் கிட்டார் குழுக்கள் முளைத்தன. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய தி குவெஸ்ட்ஸ், 1964இல் 'ஷாண்டி' என்ற இசைத்தட்டால் உள்ளூர்ப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தக் காலத்து ஒலியைத் தேடுபவர்கள் இன்றும் ஏ.சி.30ஐ நாடுகிறார்கள். பழையதானாலும் புதியதானாலும் அதன் அடிப்படை அமைப்பு ஒன்றே: நான்கு இ.எல்.84 வால்வுகள், அவை நான்குக்கும் பொதுவாக ஒரே கேத்தோடு மின்தடை.

பழைய அமைப்பில் அந்த மின்தடை 50 ஓம். கேத்தோடில் 10 வோல்ட் அளந்தால் மொத்த மின்னோட்டம் 200 மில்லிஆம்பியர், வால்வுக்கு 50. ஸ்கிரீனுக்கு 5 மில்லிஆம்பியர் கழித்தால் பிளேட்டுக்கு 45. வழங்கும் மின்னழுத்தம் 330 வோல்ட் என்றால் பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையில் நிற்பது 320. பெருக்கினால் 14.4 வாட். 12 வாட் எல்லைக்கு இது 20 சதவீதம் மேல். வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே இந்த நிலை.

பொது மின்தடையால் இன்னொரு வினையும் உண்டு. நான்கில் ஒரு வால்வு தளர்ந்தால் மொத்த மின்னோட்டம் குறையும். கேத்தோடு மின்னழுத்தம் இறங்கும். மற்ற மூன்றுக்கும் பயாஸ் குறைந்து அவை கூடுதலாக இழுக்கத் தொடங்கும். ஒன்று போனதும் மற்றவை வரிசையாகப் போவதற்கு இதுவே காரணம். எனவே ஏ.சி.30இல் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் வால்வுகளாக. 50 ஓமை 80 ஓம் அளவுக்கு உயர்த்தினால் கேத்தோடு 12.5 வோல்ட் அளவில் நிற்கும். வால்வுக்கு 39 மில்லிஆம்பியர்தான் ஓடும். வெப்பம் 11 வாட் அளவுக்கு இறங்கும். ஒலியில் சிறு மாற்றம் தெரியும். வால்வுச் செலவில் பெரிய மாற்றம் தெரியும்.

திறக்கும் முன்

இனி வரும் சோதனைகளில் பல, ஆம்பைத் திறந்து மின்சாரம் ஓடும்போது செய்பவை. உள்ளே 300 முதல் 500 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பின்பும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். வீட்டு மின்பெட்டியில் இருக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் இங்கே காப்பாற்றாது. அது சுவரிலிருந்து போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டுமே பார்க்கும். ஆம்பின் உயர் மின்னழுத்தம் மின்மாற்றியின் இரண்டாம் சுருளில் பிறந்து, உடல் வழியாக அதே சுருளுக்குத் திரும்புவதால் அந்தச் சமநிலை குலையாது, துண்டிப்பானும் விழாது. பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோஓம் மின்தடை வழியாக மின்தேக்கிகளை வடித்து, மல்டிமீட்டரில் பூஜ்ஜியம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளப்பதானால் ஒரு கையால் மட்டும் அளக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையைத் தொழில்நுட்பரிடம் விடுவதே முறை.

சுவரிலிருந்து வரும் மின்சாரம்

முதல் சோதனைக்கு ஆம்பைத் திறக்கவே வேண்டாம். சிங்கப்பூரின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 6 சதவீதம் ஏறி இறங்க இடமுண்டு. அதாவது 216 முதல் 244 வரை வரலாம். ஆம்புகளோ அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட்டுக்கும், ஜப்பானிலிருந்து 100 வோல்ட்டுக்கும், பழைய இங்கிலாந்திலிருந்து 240 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டு வந்தவை. இந்தப் பொருத்தமின்மை அடிக்கடி வால்வின் தலையில் விடிகிறது.

ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் ஆம்பை, 230ஐ 110 ஆக இறக்கும் மின்மாற்றியில் செருகினால் ஆம்புக்குள் எல்லா மின்னழுத்தமும் 10 சதவீதம் கூடும். ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 6.9 போகும். அது தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் உச்சிக்கு மிக அருகில். பிளேட் மின்னழுத்தமும் கூடவே ஏறும். அதே மின்மாற்றியில் 120 வோல்ட் அமெரிக்க ஆம்பைச் செருகினால் நிலைமை தலைகீழ்: ஹீட்டருக்கு 5.8 வோல்ட்தான் கிடைக்கும். ஒலி சற்று மங்கினாலும் வால்வு தாங்கும். ஆனால் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த மின்மாற்றி அதற்குரிய மின்னழுத்தத்திலேயே 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது அதன் இரும்பு உள்ளகத்தில் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடும். மின்மாற்றி கொதித்து, பக்கத்திலிருக்கும் எல்லாவற்றையும் சூடாக்கும். இறக்கு மின்மாற்றியால் மின்னழுத்தத்தை மாற்ற முடியும், அதிர்வெண்ணை மாற்ற முடியாது. ஆம்பின் பின்புறத்தில் '50/60 ஹெர்ட்ஸ்' என்று பொறித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மின்னழுத்தத் தேர்வுத் திருகு உள்ள ஆம்புகளில் வேலை எளிது. பழைய ஏ.சி.30இல் 225, 245 என்று இரண்டு அடுத்தடுத்த படிகள் உண்டு. 225இல் வைத்தால் சிங்கப்பூரில் 2 சதவீதம் கூடுதல். 245இல் வைத்தால் 6 சதவீதம் குறைவு. வெப்ப எல்லையைத் தாண்டியே ஓடும் ஆம்புக்கு 245தான் ஏற்றது. 220, 240 என்று படிகள் உள்ள ஆம்பை 220இல் விட்டுவைத்து, சுவரில் 240 வந்தால், 9 சதவீதம் கூடுதல். முன்பு 460 வோல்ட் இருந்த பிளேட்டில் 500 வோல்ட் ஏறியிருக்கும்.

பல இறக்கு மின்மாற்றிகளின் வெளிப்பக்கத்தில் இரு முனைத் துளைகள் மட்டுமே இருக்கும். பூமி இணைப்பு இருக்காது. பூமி இல்லாத ஆம்பின் கிட்டார்க் கம்பி ஆளையே தாக்கலாம். சிங்கப்பூரின் மூன்று முனை 13 ஆம்பியர் பிளக்கின் பூமி முனை, ஆம்பின் உலோகச் சட்டம் வரை அறுபடாமல் போய்ச் சேர வேண்டும்.

சிவப்பது எது?

விளக்கை அணைத்துவிட்டு, வால்வுகளைப் பத்து நிமிடம் கவனித்தால் பாதித் துப்பு கிடைத்துவிடும். ஹீட்டரின் ஆரஞ்சுத் தணல் இயல்பானது. கண்ணாடியின் உட்சுவரை ஒட்டித் தெரியும் நீல ஒளியும் தீங்கற்றது. சாம்பல் நிறப் பிளேட்டின் பக்கவாட்டில் செம்புள்ளி தோன்றிப் பரவினால் ஆம்பை உடனே அணைக்க வேண்டும்.

சிவந்தது எத்தனை, எவை என்பதைக் கொண்டு தேடல் பிரியும். எல்லா வால்வும் சிவந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு: பயாஸ் வழங்கும் சுற்று, பொதுக் கேத்தோடு மின்தடை, சுவர் மின்சாரம். நான்கு வால்வுகள் இரண்டிரண்டாக இரு பக்கம் பிரிந்து ஓடும் ஆம்பில் ஒரே பக்கத்து இரண்டு மட்டும் சிவந்தால், அந்தப் பக்கத்துக்கு அலையைக் கொண்டுவரும் மின்தேக்கியைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றே ஒன்று சிவந்தால் அந்த வால்வோ அதன் சாக்கெட்டோ.

இந்தக் கடைசிச் சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி, வால்வுகளில் அடையாளமிட்டு இடம் மாற்றிப் போடுவது. சிவப்பு வால்வோடு இடம் மாறினால் வால்வில் குறை. பழைய சாக்கெட்டிலேயே, இப்போது வந்த நல்ல வால்விலும், சிவப்புத் தோன்றினால் மின்சுற்றில் குறை. புதிய வால்வுகளை வாங்கி மாட்டும் முன் இதைச் செய்துவிட்டால், அவையும் அதே வழியில் போவதைத் தடுக்கலாம்.

கசியும் மின்தேக்கி

பவர் வால்வின் கிரிட்டுக்கு அலையைக் கொண்டுவருவது கப்ளிங் மின்தேக்கி. அதன் ஒரு பக்கம் முந்தைய வால்வின் பிளேட்டிலுள்ள 200, 300 வோல்ட்டைத் தாங்கி நிற்கும், மறுபக்கம் கிரிட். மாறும் அலை மட்டும் கடக்க வேண்டும். நேர்மின்சாரம் ஒரு துளியும் கடக்கக் கூடாது. பழைய காகித மின்தேக்கிகளில் ஈரம் ஏறும்போது இந்தத் தடை தளர்கிறது.

கசிவின் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மின்தேக்கியின் காப்பு 20 மெகாஓமுக்கு இறங்கியிருக்கிறது, முன்பக்கம் 300 வோல்ட் நிற்கிறது, கிரிட்டுக்கும் பயாஸுக்கும் இடையில் 220 கிலோஓம் மின்தடை இருக்கிறது என்றால், கிரிட்டில் 3.7 வோல்ட் நேர்ப்பக்கமாக ஏறும். பயாஸ் 36 வோல்ட் என்று அமைத்தவர், உண்மையில் 33 வோல்ட்டுக்கும் குறைவான எதிர்மின்னழுத்தத்தில்தான் வால்வை ஓட்டுகிறார். இ.எல்.34இல் இந்த வேறுபாடே 15 முதல் 20 மில்லிஆம்பியரைக் கூட்டும். 17.5 வாட்டில் இருந்த வால்வு 25 வாட் எல்லையைத் தொட்டுவிடும். 20 மெகாஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் 'தடை மிக அதிகம்' என்றே காட்டும். மின்தேக்கி நல்லது என்று தோன்றும்.

ஆகவே சோதனையை மின்னழுத்தத்தில்தான் செய்ய வேண்டும். பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு, ஆம்பை ஓடவிட்டு, கிரிட் முனையை அளக்க வேண்டும். இ.எல்.34, 6எல்6 சாக்கெட்டில் அது 5ஆம் முனை, இ.எல்.84இல் 2ஆம் முனை. கேத்தோடு பயாஸ் ஆம்பில் அங்கே பூஜ்ஜியம் இருக்க வேண்டும்; அரை வோல்ட் தெரிந்தாலும் மின்தேக்கியை மாற்றிவிடலாம். நிலைப் பயாஸ் ஆம்பில் இரு பக்கமும் ஒரே எதிர்மின்னழுத்தம் காட்ட வேண்டும். ஒரு பக்கம் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்து மின்தேக்கிதான் குற்றவாளி. சூடேறும்போது கசிவு கூடுவதால் அரை மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். வால்வுகள் இல்லாதபோது உயர் மின்னழுத்தம் வழக்கத்தைவிட ஏறும் என்பதால், வடிகட்டி மின்தேக்கிகளின் தாங்கு அளவை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

பயாஸ் வழங்கும் சுற்றிலும் மூப்பு வரும். அதிலுள்ள மின்பகு மின்தேக்கி காய்ந்துபோனால் எதிர்மின்னழுத்தம் குறைந்து இரைச்சலும் ஏறும். பயாஸ் திருகின் உட்தொடுப்பில் அழுக்குப் படிந்தால் ஒரு கணம் பயாஸே அறுந்துபோகும். அந்த ஒரு கணம் போதும். தொடுப்பு அறுந்தால் மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்குப் போகாமல் எதிர்ப்பக்க உச்சத்துக்குப் போகும்படி ஒரு மின்தடையைச் சேர்த்து வைப்பது நல்ல தொழில்நுட்பரின் அடையாளம்.

கிரிட் மின்தடையின் அளவும் முக்கியம். நிலைப் பயாஸில் ஓடும் 6எல்6ஜி.சி.க்கு 100 கிலோஓம், இ.எல்.84க்கு 300 கிலோஓம் என்று தயாரிப்பாளர்கள் மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். வால்வுக்குள் எஞ்சியிருக்கும் வாயுவால் கிரிட்டில் சிறு மின்னோட்டம் ஓடும். மின்தடை பெரிதாக இருந்தால் அதுவே பயாஸைக் குறைக்கும். வால்வு மேலும் சூடேறும். வாயு மேலும் கூடும். இந்தச் சுழலில் சிக்கிய வால்வு சில நிமிடங்களில் சிவந்துவிடும்.

ஈரம்

சிங்கப்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். விடியலில் 90ஐத் தாண்டும். பழைய ஃபெண்டர் ஆம்புகளில் பாகங்கள் பற்றவைக்கப்பட்டிருப்பது மெழுகேற்றிய கறுப்பு நார் அட்டையில். அந்த அட்டை ஈரத்தை உறிஞ்சினால் மெல்ல மின்சாரம் கடத்தத் தொடங்கும். மின்தேக்கியை மாற்றியும் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் போகாமல் நின்றால் அட்டையைச் சந்தேகிக்க வேண்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை உலோகச் சட்டத்தில் வைத்து, சிவப்பு முனையால் பாகம் எதுவும் இல்லாத வெற்றுப் பரப்பைத் தொட்டால், அங்கேயே சில வோல்ட் தெரியும். ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் அட்டையை உலர்த்தினால் அளவீடு இறங்கும். மறுபடி ஏறினால், கிரிட் கம்பிகளை அட்டையிலிருந்து விலக்கித் தனித் தாங்கியில் இணைப்பதே நிலையான தீர்வு.

குளிர்சாதன அறையில் இருந்த ஆம்பைத் திறந்தவெளி மேடைக்குத் தூக்கிவந்தால் உள்ளே நீர்த்துளி படியும். லிட்டில் இந்தியாவின் தீபாவளி மேடைகளுக்கும் இது பொருந்தும். வந்ததும் பிளக்கைச் செருகாமல், ஆம்பின் உடல் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தில் துருவேறிய சாக்கெட்டுகளும் தொல்லை தரும். முனைகளின் பிடி தளர்ந்தால் பயாஸ் விட்டுவிட்டு வரும்.

ஸ்கிரீன், சாக்கெட், ஸ்பீக்கர்

பிளேட் அளவாக இருக்கும்போதே வால்வு சாகிறது என்றால் ஸ்கிரீன் கிரிட்டைப் பார்க்க வேண்டும். அதன் வெப்ப எல்லை சிறியது: இ.எல்.84க்கு 2 வாட், 6எல்6ஜி.சி.க்கு 5, இ.எல்.34க்கு 8. அதற்குப் போகும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடை கருகியோ மதிப்பு மாறியோ இருக்கலாம். முன்பு வால்வு ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிச் செத்திருந்தால் இந்த மின்தடையும் பெரும்பாலும் கூடவே போயிருக்கும். அதைப் பார்க்காமல் புதிய வால்வை மாட்டுவதால்தான் சில ஆம்புகளில் ஒரே சாக்கெட் மட்டும் திரும்பத் திரும்ப வால்வைக் கொல்கிறது.

ஸ்பீக்கர் சரியாக இணைக்கப்படாத ஆம்பில், ஸ்பீக்கரை ஓட்டும் வெளியீட்டு மின்மாற்றியின் முதல் சுருளில் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும் உச்சங்கள் எழும். இ.எல்.34 சாக்கெட்டில் பிளேட்டின் 3ஆம் முனையிலிருந்து பக்கத்து ஹீட்டர் முனைக்குப் பொறி பாயும். அந்த வழி நெடுகக் கரிக்கோடு விழுந்துவிட்டால் கரி மின்சாரத்தைக் கடத்தும். பிறகு ஸ்பீக்கர் சரியாக இருந்தாலும் பொறி பாயும். கரிக்கோடு விழுந்த சாக்கெட்டைச் சுரண்டிப் பயனில்லை, மாற்ற வேண்டும். ஓம் பொருந்தாத ஸ்பீக்கரும் வால்வைத் தேய்க்கும். ஓம் குறைந்தால் பிளேட்டின் சுமை கூடும். ஓம் மிகுந்தால் ஸ்கிரீனின் சுமை கூடும்.

அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு காரணம் சேர்ந்துகொள்கிறது. ஆம்பை முழு வலுவில் ஓட்டி, ஸ்பீக்கருக்கு முன் அட்டனுவேட்டர் வைத்துச் சத்தத்தை மட்டும் குறைப்பது பலரின் வழக்கம். அண்டை வீட்டாருக்குக் கேட்பது படுக்கையறைச் சத்தம். பவர் வால்வு படுவதோ மேடைப் பாடு. இங்கே பழுது எதுவும் இல்லை. ஆயுள் குறைவது இந்த ஒலிக்குக் கொடுக்கும் விலை. அதை ஏற்க விரும்பாதவர்கள் 5 வாட், 15 வாட் ஆம்புக்கு மாறலாம்.

காதுக்குக் கேட்காத அலைவும் வால்வைத் தின்னும். கம்பிகள் இடம் மாறியோ, வடிகட்டி மின்தேக்கி காய்ந்தோ, ஆம்ப் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தானே அலையத் தொடங்கலாம். டிரெபிள் திருகைக் கூட்டும்போது, கிட்டார் ஒலிக்காமலே பயாஸ் மின்னோட்டம் ஏறினால் இதுதான் காரணம். உறுதி செய்ய அலைநோக்கி வேண்டும்.

கடைசியில் வால்வு

மேற்சொன்னவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் வால்வைக் குறை சொல்லலாம். வெற்றிடம் கெட்டதைக் கண்ணாடியே காட்டிவிடும். எஞ்சிய வாயுவை உறிஞ்ச உச்சியிலோ பக்கத்திலோ பளபளக்கும் கெட்டர் என்னும் பூச்சு வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. மின்முனைகளுக்கு நடுவில் ஊதா மூட்டம் தெரிந்தால் வாயு இருக்கிறது. 1960களில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உட்பட உலகெங்கும் பல ஆலைகள் வால்வு செய்தன. இன்று பெரும்பகுதி ஸ்லோவாக்கியா, ரஷ்யாவின் சரத்தோவ், சீனா ஆகிய இடங்களிலிருந்து வருகிறது. ஒரே எண் கொண்ட வால்வுகள் ஆலைக்கு ஆலை, தொகுப்புக்குத் தொகுப்பு மாறுபடுவதால், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பயாஸை மறுபடி அளந்தே ஆக வேண்டும். மின்தடை, மின்தேக்கி, சாக்கெட் போன்ற உதிரிகள் ஜாலான் புசார் ஓரத்தில் லிட்டில் இந்தியாவை ஒட்டி நிற்கும் சிம் லிம் டவரின் கடைகளில் கிடைக்கும்.

பழுது பார்த்த பிறகு ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு, பின்பு ஒரு மணி நேரம் வாசித்து, இரு முறையும் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: சுவர் மின்னழுத்தம், ஹீட்டர் மின்னழுத்தம், பிளேட் மின்னழுத்தம், ஒவ்வொரு வால்வின் மின்னோட்டம். ஆம்பின் பின்புறம் சுவரிலிருந்து ஒரு கையகலமாவது விலகியிருக்க வேண்டும். சூடு மேலேறிப் போக வழி வேண்டும். குறித்த எண்களையும் ஓடிய மணி நேரத்தையும் ஆம்புக்குள் ஒட்டிய தாளில் எழுதிவைத்தால், அடுத்த முறை வால்வு தீரும்போது அது வயதாகித் தீர்ந்ததா, கோளாறால் தீர்ந்ததா என்பதை அந்தத் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.